எத்தனை ஸ்டேஷனில் உட்கார்ந்தால் எல்லாப் பாதையும் மறிபடும்? கிராஃபில் பாதைகளை முனைகளால் மறிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மும்பை மழை தெரிந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவே தண்டவாளம் தெரியாத அளவுக்குத் தண்ணீர். தாதரில் மாட்டிக்கொண்ட அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, பன்வேல் போக குர்லாவை விட்டா வேற வழியே இல்லையா?" இருக்கிறது, வெஸ்டர்ன் லைனில் வசாய் ரோடு வரை போய், அங்கிருந்து திவா வழியாகச் சுற்றி வரலாம் என்றேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து செம்பூர் வீட்டுக்கு வந்து காபி டம்ளரை வாங்கும்போதே கேட்டாள்: "அப்போ எத்தனை ஸ்டேஷன் மூழ்கினா நிஜமாவே வழி இருக்காது?"

கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டுப் பெண் கேட்கவேண்டிய கேள்விதான். அன்று காகிதத்தில் போட்டுக் காட்டியதை விரித்து எழுதியதுதான் இது. பேனாவும் ஒரு வெள்ளைத்தாளும் வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

முதலில் சொற்கள். ஸ்டேஷன் ஒவ்வொன்றும் ஒரு முனை. நேராக ரயில் போகும் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு கோடு. இப்படி முனைகளும் கோடுகளும் சேர்ந்தது கிராஃப். வரைபடம் என்று எழுதினால் எக்ஸ், ஒய் அச்சு போட்ட படம் கண்முன் வந்துவிடும், அதனால் கிராஃப் என்றே எழுதுகிறேன். ஒரே முனையை இரண்டு முறை தொடாமல் கோடு வழியாகவே நடந்தால் அது பாதை. ஒரு பாதைக் கூட்டத்தில் உள்ள ஒவ்வொரு பாதையிலும் குறைந்தது ஒரு முனையாவது நம்முடையதாக இருக்கும்படி முனைகளைத் தேர்ந்தெடுத்தால், அந்தத் தேர்வை மறியல் கணம் என்று அழைக்கப்போகிறேன். ரயில் மறியல் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மறிக்க வேண்டும், ஆனால் முடிந்தவரை குறைந்த ஆட்களைக் கொண்டு. அவ்வளவுதான் கணக்கு.

படி 1: கிராஃபை வரைவது

பாதி தவறுகள் இங்கேதான் நடக்கின்றன, அதனால் அவசரப்படாதீர்கள். எல்லா ஸ்டேஷனையும் போட்டால் தாள் தாங்காது. வழி பிரியும் இடங்களும் நம் கேள்விக்கு வேண்டிய இடங்களும் மட்டும் போதும். நான் எடுத்துக்கொண்டவை பத்து: தாதர், மாஹிம், பாந்த்ரா, வசாய் ரோடு, வடாலா ரோடு, குர்லா, தாணே, வாஷி, திவா, பன்வேல்.

கோடுகள் இவை. வெஸ்டர்ன் லைனில் தாதர்–மாஹிம், மாஹிம்–பாந்த்ரா, பாந்த்ரா–வசாய் ரோடு. சென்ட்ரலில் தாதர்–குர்லா, குர்லா–தாணே, தாணே–திவா. ஹார்பரில் மாஹிம்–வடாலா ரோடு, வடாலா ரோடு–குர்லா, குர்லா–வாஷி, வாஷி–பன்வேல். டிரான்ஸ் ஹார்பரில் தாணே–வாஷி. கடைசியாக, பலர் மறந்துபோகும் வசாய் ரோடு–திவா, திவா–பன்வேல். மொத்தம் 13 கோடுகள்.

தாதருக்குத் தெற்கே இருப்பதை விட்டுவிட்டேன். அங்கே ஒரு சுவையான சிக்கல் இருப்பதால் அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு ஸ்டேஷனில் சென்ட்ரல் பிளாட்பாரம் கீழே, ஹார்பர் பிளாட்பாரம் மேலே. பெயர் ஒன்று, ஆனால் கீழே தண்ணீர் தேங்கினால் மேலே ரயில் ஓடலாம். இது ஒரு முனையா, இரண்டா? "டிக்கெட் கவுன்டரை மூடினால்?" என்று கேட்டால் ஒன்று. "தண்டவாளம் மூழ்கினால்?" என்று கேட்டால் இரண்டு. கேள்விதான் கிராஃபை முடிவு செய்கிறது. விடை தப்பாக வந்தால் அல்காரிதத்தைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

படி 2: எந்தப் பாதைகளை மறிக்கிறோம் என்று முடிவு செய்வது

மறிக்கவேண்டிய பாதைகள் எவை என்பதைப் பொறுத்துக் கணக்கு சுலபமாகவும் இருக்கும், தலைவலியாகவும் மாறும். இங்கே இரண்டு வகையைப் பார்க்கப்போகிறோம்: ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் எல்லாப் பாதைகளும், எங்கே தொடங்கினாலும் சரி, குறிப்பிட்ட நீளமுள்ள எல்லாப் பாதைகளும். முதலாவது சாது, இரண்டாவது முரடு.

படி 3: தாதரிலிருந்து பன்வேல், கையால் போட்டுப் பார்ப்பது

வசாய் ரோடு–திவா கோடு இல்லை என்று கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது குர்லா ஒன்றே போதும். பாந்த்ரா பக்கம் போனால் திரும்பித்தான் வரவேண்டும், வடாலா வழியாகப் போனாலும் குர்லாவில்தான் வந்து விழவேண்டும். அந்தக் கோட்டைச் சேர்த்ததும் நிலைமை மாறுகிறது. "சரி, பெரிய ஸ்டேஷனா ரெண்டு எடுத்துக்கலாம், குர்லாவும் தாணேவும்" என்றாள் பெண். இது எல்லோரும் விழும் குழி. இரண்டையும் மூடினாலும் பாந்த்ரா, வசாய் ரோடு, திவா என்று சுற்றி பன்வேல் போய்விடலாம். கூட்டம் அதிகம் என்பதற்காக ஒரு முனை மறிப்பதற்கு உகந்ததாகிவிடாது.

குர்லாவும் மாஹிமும் என்றால் வேலை முடிந்தது, தாதரை விட்டே நகர முடியாது. ஆக, இரண்டு போதும். ஆனால் ஒன்றால் முடியாது என்று எப்படி உறுதியாகச் சொல்வது? பத்து ஸ்டேஷனையும் ஒவ்வொன்றாக மூடிப் பார்க்கலாம். நூறு முனை இருந்தால்? விடை பத்து முனைகள் கொண்ட கணமாக இருந்தால்? எல்லாச் சேர்க்கைகளையும் பார்த்து முடிக்க ஆயுள் போதாது.

இங்கே ஒரு தந்திரம் இருக்கிறது. தாதரையும் பன்வேலையும் தவிர வேறெந்த முனையையும் பகிர்ந்துகொள்ளாத இரண்டு பாதைகளைக் காட்டிவிடுங்கள். ஒன்று: தாதர்–குர்லா–வாஷி–பன்வேல். இன்னொன்று: தாதர்–மாஹிம்–பாந்த்ரா–வசாய் ரோடு–திவா–பன்வேல். ஒரே ஆள் இரண்டிலும் உட்கார முடியாது. ஆகவே குறைந்தது இரண்டு பேர் வேண்டும். இரண்டால் மறிக்கவும் முடிகிறது. வழக்கு முடிந்தது.

இப்படி இரண்டு பக்கமும் ஒரே எண்ணில் வந்து நிற்பது தற்செயல் அல்ல என்று 1927-ல் சொன்னவர் கார்ல் மெங்கர். நேர்க்கோட்டால் இணையாத இரண்டு முனைகளை எடுத்துக்கொண்டால், அவற்றுக்கு இடையே ஒன்றையொன்று தொடாமல் போகும் பாதைகளின் அதிகபட்ச எண்ணிக்கையும், எல்லாப் பாதைகளையும் மறிக்கத் தேவையான முனைகளின் குறைந்தபட்ச எண்ணிக்கையும் எப்போதும் சமம். அவர் கொடுத்த நிரூபணத்தில் ஓர் ஓட்டை இருந்தது. முனைகள் இரண்டு அணியாகப் பிரிந்து, கோடுகள் அணிக்கு அணி மட்டும் போகும் கிராஃபுக்கு அது நிற்கவில்லை. 1931-ல் ஹங்கேரிக்காரர் டேனெஷ் கோனிக் நிரூபித்த தேற்றம் அந்த ஓட்டையை அடைத்தது. தேற்றத்தைவிட இந்தக் கதைதான் எனக்குப் பிடிக்கும்.

படி 4: அதையே இயந்திரம் போலச் செய்வது

சின்னப் படத்தில் கண்ணே கண்டுபிடித்துவிடும். பெரியதுக்கு ஒரு முறை வேண்டும். 1956-ல் ஃபோர்ட், ஃபுல்கர்சன் இருவரும் வெளியிட்ட ஓட்ட முறையைத்தான் பயன்படுத்தப்போகிறோம். ஒவ்வொரு கோட்டிலும் எத்தனை பேர் போகலாம் என்ற கொள்ளளவைத்தான் அது பார்க்கும், நமக்கோ முனைகளில் கட்டுப்பாடு வேண்டும். எனவே ஒவ்வொரு ஸ்டேஷனையும் இரண்டாக வெட்டுங்கள்: ஒரு உள்வாசல், ஒரு வெளிவாசல், நடுவே ஒருவர் மட்டும் போகக்கூடிய ஒற்றை நடைபாலம். ஒரு ஸ்டேஷனின் வெளிவாசலிலிருந்து பக்கத்து ஸ்டேஷனின் உள்வாசலுக்குப் போகும் கோட்டில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. புறப்படும் இடமான தாதருக்கும் சேரும் இடமான பன்வேலுக்கும் நடைபாலம் வேண்டாம்.

இப்போது கண்ணில் பட்ட ஏதாவது ஒரு பாதையை எடுங்கள். வேண்டுமென்றே மோசமான ஒன்றை எடுக்கிறேன்: தாதர்–குர்லா–தாணே–திவா–பன்வேல். அடுத்த பாதையைத் தேடினால் மாஹிம், பாந்த்ரா, வசாய் ரோடு என்று வந்து திவாவின் உள்வாசலில் முட்டி நிற்கிறது. திவா நடைபாலத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார்.

இங்கே கைவிட்டால் "ஒன்றுதான் முடியும்" என்ற தப்பான விடை வரும். செய்யவேண்டியது வேறு. திவாவுக்கு முதலில் வந்தவரை, வந்த வழியே தாணே வெளிவாசல் வரை பின்னால் தள்ளுங்கள். தாணேவிலிருந்து அவருக்கு வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது: வாஷி, பிறகு பன்வேல். திவா நடைபாலம் புதியவருக்குக் கிடைத்துவிட்டது. இப்போது பாதைகள் தாதர்–குர்லா–தாணே–வாஷி–பன்வேல், தாதர்–மாஹிம்–பாந்த்ரா–வசாய் ரோடு–திவா–பன்வேல் என்று ஆகிவிட்டன. ரிசர்வேஷன் பெட்டியில் "நீங்க அந்த சீட்டுக்குப் போயிடுறீங்களா?" என்று கேட்கும் அதே ஏற்பாடுதான். முதல் தேர்வு எவ்வளவு தப்பாக இருந்தாலும் இந்தப் பின்வாங்கல் அதைச் சரிசெய்துவிடும், அதனால்தான் இந்த முறையை நம்பலாம்.

மேலும் தள்ள முடியாத நிலை வந்ததும் மறியல் கணத்தை எடுப்பது எளிது. தாதரிலிருந்து மீண்டும் நடந்து பாருங்கள். உள்வாசல் வரை போக முடிகிறது, நடைபாலத்தைத் தாண்ட முடியவில்லை என்ற ஸ்டேஷன்கள்தான் விடை. இங்கே குர்லா, மாஹிம். பன்வேல் பக்கமிருந்து பின்னோக்கி இதையே செய்தால் வேறு விடை வரும்: வாஷி, திவா. இரண்டும் சரி. இந்த ஜோடிகளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வரும்.

படி 5: முரட்டுக் கணக்குக்கு வருவது

தாராவியிலிருந்து விடிகாலையில் அலுமினியப் பாத்திரம் கட்டிய சைக்கிளில் இட்லி விற்கக் கிளம்பும் அண்ணாச்சிகளைப் பார்த்திருப்பீர்கள். சந்து முனைகள் கிராஃபின் முனைகள், சந்துகள் கோடுகள். அண்ணாச்சிகள் சில முனைகளில் நிற்கவேண்டும். நிபந்தனை இதுதான்: யார் எந்த வழியில் தொடர்ந்து மூன்று முனைகளைக் கடந்தாலும் ஓர் இட்லி சைக்கிளைத் தாண்டியே ஆகவேண்டும். எத்தனை அண்ணாச்சிகள் வேண்டும்?

மூன்று என்பதற்குப் பதில் பொதுவாக கே முனைகள் என்று வைத்துக்கொண்டால், இதுதான் கே-பாதை மறியல். கே 2 என்றால் ஒவ்வொரு சந்தின் ஒரு முனையிலாவது ஆள் வேண்டும். அது பழைய பிரச்சினை, 1972-ல் ரிச்சர்ட் கார்ப் கடினம் என்று காட்டிய 21 கணக்குகளில் ஒன்று. 2 அல்லது அதற்கு மேலான எந்த கேவுக்கும் இது கடினம்தான் என்று 2011-ல் பிரெஷார், கார்டோஷ், கத்ரெனிச், செமனிஷின் நால்வரும் காட்டினார்கள். சென்சார் கருவிகளின் வலைப்பின்னலில் எந்தெந்தக் கருவிக்கு மட்டும் கூடுதல் பாதுகாப்பு கொடுத்தால் போதும் என்ற நடைமுறைக் கேள்வி இதற்குப் பின்னால் இருந்தது.

அதிகச் சந்துகள் சேரும் முனையை முதலில் எடுப்போம் என்று தோன்றும். வேண்டாம். மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிள் மாதிரி ஒரு ரவுண்டானாவை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து மூன்று சாலைகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு முனை, கடைசியில் ஒரு முனை. கே 2. பேராசைப்பட்டு நடுவில் ஆளை நிறுத்தினால் மீதி மூன்று துண்டுகளுக்கு மூன்று பேர், மொத்தம் நான்கு. சாலை நடுவிலுள்ள மூன்று முனைகளை மட்டும் எடுத்திருந்தால் மூன்றே போதும்.

படி 6: மரமாக இருந்தால் அடியிலிருந்து மேலே

துண்டு துண்டாகப் பிரியாத, வட்டமே இல்லாத கிராஃபுக்கு மரம் என்று பெயர். முட்டுச்சந்துகள் மட்டுமே உள்ள பேட்டை அப்படித்தான் இருக்கும். மரத்தில் இந்தக் கணக்கு முரட்டுத்தனத்தை விட்டுவிடும்.

பத்து முனைகள் எடுத்துக்கொள்வோம். 1 தான் வேர். 1-ன் கீழே 2, 3. 2-ன் கீழே 4, 5. 3-ன் கீழே 6, 9. 6-ன் கீழே 7, அதன் கீழே 8. 9-ன் கீழே 10. கே 3.

முறை இதுதான். பிள்ளைகளைப் பார்த்து முடித்த பிறகே பெற்றோரிடம் வரவேண்டும். ஒவ்வொரு முனையும், தன்னிடமிருந்து கீழே ஆள் இல்லாமல் போகும் மிக நீளமான பாதையில் எத்தனை முனைகள் என்பதை மேலே அனுப்பும், அதுதான் நீளம். ஒவ்வொரு முனையிலும், பிள்ளைகள் மேலே அனுப்பிய நீளங்களில் மிகப் பெரிய இரண்டையும் கூட்டி 1 சேருங்கள். அது கேவை எட்டினால் அந்த முனையில் ஆளை நிறுத்துங்கள், மேலே 0 அனுப்புங்கள். எட்டாவிட்டால் மிகப் பெரியதோடு 1 சேர்த்து மேலே அனுப்புங்கள்.

போட்டுப் பார்ப்போம். 4-ம் 5-ம் ஆளுக்கு 1 அனுப்புகின்றன. 2-ல் 1+1+1, மூன்று ஆகிவிட்டது, ஆள் நிற்கிறார். 8 அனுப்புவது 1, 7 அனுப்புவது 2, 6-ல் 2+1 மூன்று, இன்னொரு ஆள். 10 அனுப்புவது 1, 9 அனுப்புவது 2. 3-க்கு 6-இடமிருந்து 0, 9-இடமிருந்து 2, ஆக மூன்று, ஆள். 1-க்கு இரண்டு பக்கமும் 0, ஒன்றும் செய்யவேண்டாம். விடை 2, 6, 3 ஆகிய முனைகள்.

இது குறைந்தபட்சம்தானா? ஆளை நிறுத்தும்போதெல்லாம் அங்கே ஒரு பாதை பிடிபடுகிறது: 4–2–5, 6–7–8, 3–9–10. மூன்றும் ஒன்றையொன்று தொடவில்லை. ஆகவே மூன்று பேருக்குக் குறைய முடியாது. மரத்தில் எப்போதுமே இந்த இரண்டு எண்களும் கைகுலுக்கிவிடும், காரணமும் இதேதான்.

படி 7: வட்டம் இருந்தால்

இங்கே கைகுலுக்கல் போய்விடுகிறது. நான்கு முனைகள் கொண்ட ஒரு வட்டம் எடுங்கள், கே 3. மூன்று முனைப் பாதை ஒன்றுதான் தனியாக வைக்க முடியும், இரண்டாவதற்கு இடமில்லை. ஆனால் ஓர் ஆளை நிறுத்தினால் மீதி மூன்று முனைகள் ஒரு பாதையாக நிற்கின்றன. இரண்டு பேர் வேண்டும். பாதைகளை எண்ணிக் கிடைக்கும் 1-க்கும் உண்மையான 2-க்கும் நடுவே இடைவெளி.

நடைமுறையில் மூன்று வழிகள். அவசரமாக ஒரு சுமாரான விடை போதும் என்றால், ஒன்றையொன்று தொடாத கே-முனைப் பாதைகளை முடிந்தவரை பொறுக்குங்கள், அவற்றின் எல்லா முனைகளிலும் ஆள் நிறுத்துங்கள். தப்பிய பாதை ஒன்று இருந்தால் அதையும் பொறுக்கியிருப்பீர்களே. சரியான விடையைப் போல அதிகபட்சம் கே மடங்குதான் போகும். துல்லியம் வேண்டும், விடை சின்ன எண் என்று தெரியும் என்றால், ஏதாவது ஒரு கே-முனைப் பாதையை எடுத்து, அதன் முனைகளில் ஒன்று கட்டாயம் கணத்தில் இருக்கவேண்டும் என்று கே கிளைகளாகப் பிரியுங்கள். கே 3, ஐந்து ஆட்கள் என்றால் அதிகபட்சம் 243 கிளைகள்தான், கம்ப்யூட்டருக்கு அது ஒன்றுமே இல்லை. பெரிய கணக்கு என்றால் ஒவ்வொரு முனைக்கும் 0 (ஆள் இல்லை) அல்லது 1 (ஆள் உண்டு), ஒவ்வொரு கே-முனைப் பாதையிலும் கூட்டுத்தொகை குறைந்தது 1, மொத்தம் குறைவாக இருக்கவேண்டும் என்று எழுதி முழு எண் திட்டமிடல் மென்பொருளிடம் கொடுத்துவிடுங்கள்.

இடையில் ஒரு வகையும் உண்டு. சில முனைகளை மட்டும் குறித்து வைத்துக்கொண்டு, அவற்றில் ஏதாவது இரண்டை இணைக்கும் பாதைகளை மறிப்பது. அங்கே தொடாத பாதைகள் அதிகபட்சம் எத்தனையோ, அதைப் போல இரண்டு மடங்கு முனைகள் நிச்சயம் போதும் என்று திபோர் கல்லாய் 1961-ல் நிறுவினார். முக்கோணத்தின் மூன்று முனைகளையும் குறித்துப் பாருங்கள், பாதை ஒன்று, ஆட்கள் இரண்டு. அந்த இரண்டு மடங்கைக் குறைக்க முடியாது என்பது தெரிந்துவிடும். இதே கல்லாய், துண்டு துண்டாகப் பிரியாத இணைந்த கிராஃபில் மிக நீளமான பாதைகள் எல்லாவற்றையும் ஒரே முனையால் மறிக்க முடியுமா என்று 1966-ல் கேட்டார். 1969-ல் வால்தர் 25 முனைகளில் ஒரு கிராஃப் காட்டி, முடியாது என்றார். எந்த இரண்டு மிக நீளமான பாதைகளும் சந்தித்தே தீரும் என்பதை நீங்களே நிரூபிக்கலாம். எந்த மூன்றும் ஒரே முனையில் சந்திக்குமா என்பதற்கு இன்னும் விடை இல்லை.

படி 8: மறுபடி ரயிலுக்கு

இவ்வளவும் கேட்டுவிட்டுப் பெண், பத்து ஸ்டேஷன் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தொடர்ந்து மூன்று முனைகளைக் கடக்கும் எவரும் தப்பாமல் இருக்க எத்தனை ஸ்டேஷனில் இட்லிக் கடை போடவேண்டும்? தொடாத பாதைகளைத் தேடினாள். தாதர்–மாஹிம்–வடாலா ரோடு, பாந்த்ரா–வசாய் ரோடு–திவா, தாணே–வாஷி–பன்வேல். மூன்று. பத்து முனைகளில் நான்காவதற்கு இடமே இல்லை. "அப்போ மூணு கடை" என்றாள்.

வட்டங்களைப் பார் என்றேன். தாதர்–மாஹிம்–வடாலா ரோடு–குர்லா ஒரு நான்கு முனை வட்டம். தாணே–வாஷி–பன்வேல்–திவா இன்னொன்று. இரண்டும் தொடவில்லை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வேண்டும் என்று இப்போதுதான் பார்த்தோம். ஆக நான்குக்குக் குறையாது.

நான்கால் முடியுமா? கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு நான்கு ஸ்டேஷனைச் சுழித்தாள். அவற்றை எடுத்துவிட்டால் தாதர் தனி, வடாலா ரோடு தனி, தாணே தனி, பன்வேல் தனி, பாந்த்ராவும் வசாய் ரோடும் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எங்கேயும் மூன்று முனை சேரவில்லை. அவள் சுழித்தவை குர்லா, மாஹிம், வாஷி, திவா.